ரூ.12,000 அடாப்டரா, ரூ.3.5 லட்சம் லோனா? பழைய லென்ஸ் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு கணக்கு



பர்சனல் லோன் எதுக்குன்னு கேட்டா, முன்னாடியெல்லாம் கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, வீட்டு ரிப்பேர்னு பதில் வரும். காந்திபுரத்துல நம்ம ஆபீஸுக்கு ஐடிஆர் ஃபைல் பண்ண வர்ற பசங்ககிட்ட இப்போ புதுசா ஒரு பதில் கேக்கறேன்: "மிரர்லெஸ்ஸுக்கு மாறணுங்க." சரவணம்பட்டியிலயோ பீளமேட்டிலயோ ஐடி வேலை, சனி ஞாயிறு கல்யாண ஃபோட்டோகிராஃபி. பத்து வருஷத்துக்கு முன்னாடி வாங்கின டிஎஸ்எல்ஆர், அதுக்கு ஒவ்வொண்ணா காசு சேத்து வாங்கின ரெண்டு மூணு லென்ஸ். இப்போ மொத்தத்தையும் வித்துட்டு, புது பாடி, புது லென்ஸ், எல்லாத்தையும் ஒரே லோன்ல வாங்கிடலாம்னு திட்டம்.

பாடியை மாத்தறது சரி. ஆனா லென்ஸையும் இப்பவே மாத்தித்தான் ஆகணுமா? நடுவுல ஒரு சின்ன வளையம் இருக்கு. லென்ஸ் அடாப்டர். இதைப் பத்தி ரெண்டு விதமான தப்பு அபிப்பிராயம் இருக்கு. ஒண்ணு, "அதெல்லாம் டூப்ளிகேட் வேலை, போடவே கூடாது". இன்னொண்ணு, "எந்த லென்ஸையும் எந்த கேமராவிலயும் மாட்டிக்கலாம்". ரெண்டுமே காசை வீணாக்கும். அதனால முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துட்டு, அப்புறம் கணக்குக்கு வருவோம்.

வளையத்துக்குள்ள என்ன இருக்கு?

கம்பெனி அடாப்டரைக் கையில வாங்கிப் பாத்தா ஏமாற்றமா இருக்கும். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் காற்று. ரெண்டு பக்கமும் மாட்டற வளையம், நடுவுல குழாய், கொஞ்சம் தங்க நிறக் காண்டாக்ட் புள்ளிகள். இதுக்கா இவ்வளவு விலைன்னு தோணும்.

விஷயம் அந்தக் குழாயோட நீளத்துல இருக்கு. ஒவ்வொரு கேமராவிலயும் லென்ஸ் மாட்டற வளையத்திலிருந்து சென்சார் வரைக்கும் ஒரு நிச்சயமான தூரம் உண்டு. ஃப்ளேஞ்ச் தூரம்னு சொல்வாங்க. டிஎஸ்எல்ஆர்ல சென்சாருக்கு முன்னாடி ஒரு கண்ணாடி ஏறி இறங்கணும், அதுக்கு இடம் வேணும். அதனால கேனன் இஎஃப் மவுண்ட்ல இந்த தூரம் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்ட்ல 46.5 மி.மீ. மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடியே இல்லை. கேனன் ஆர்எஃப் 20 மி.மீ., சோனி இ 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ.

இப்போ கழித்தல் கணக்கு போடுங்க. கேனன் இஎஃப் லென்ஸ் தனக்குப் பின்னாடி 44 மி.மீ. தள்ளி சென்சார் இருக்கும்னு நம்பி டிசைன் பண்ணினது. ஆர்எஃப் கேமரா 20 மி.மீ. தான் தருது. மீதி 24 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழாயை வெச்சா, லென்ஸுக்குத் தான் பழைய வீட்டிலேயே இருக்கற மாதிரிதான். நிக்கானுக்கு 30.5 மி.மீ. குழாய். நடுவுல கண்ணாடி எதுவும் இல்லாததால படத்தோட தரம் ஒரு துளியும் குறையாது. "அடாப்டர் போட்டா ஷார்ப்னெஸ் போயிடும்"னு கடையில சொன்னா, கம்பெனி அடாப்டர் விஷயத்துல அதை நம்ப வேண்டாம்.

இதுலயே இன்னொரு பதிலும் இருக்கு. இது ஒருவழிப் பாதை. புது ஆர்எஃப் லென்ஸை பழைய டிஎஸ்எல்ஆர்ல மாட்ட முடியாது. அதுக்கு சென்சார் 20 மி.மீ. பக்கத்துல வேணும், டிஎஸ்எல்ஆர்ல 44-க்குக் கம்மியா கிடையாது. குழாயைக் கூட்டலாம், கழிக்க முடியாதில்லையா? அதனால "முதல்ல புது லென்ஸ் வாங்கிடறேன், பாடி அடுத்த வருஷம்" அப்படிங்கற பிளான் வேலைக்கே ஆகாது. மாறறதா இருந்தா பாடிதான் முதல்ல.

கணபதி பக்கம் லேத் பட்டறை வெச்சிருக்கற வீட்டுப் பசங்க நிறைய பேர் நம்ம சேனலைப் பாக்கறாங்க. அவங்களுக்கு அடுத்தது உடனே புரியும். இந்தக் குழாயோட நீளம் மி.மீ. கணக்கில்லை, மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்கு. ரொம்ப மலிவான அடாப்டர்கள் பலதும் வேணும்னே கொஞ்சம் சின்னதாத்தான் கடையறாங்க. நீளம் கூடிப்போனா தூரத்துல இருக்கறது ஃபோகஸ் ஆகவே ஆகாது, குறைஞ்சா எப்படியோ ஆயிடும். ஆனா அப்படிக் குறைஞ்ச குழாய்ல வைட் ஆங்கிள் லென்ஸ் மாட்டினா ஓரங்கள் மங்கும். மாட்டின லென்ஸ் லேசா ஆடினாலும் ஒரு பக்கம் ஷார்ப், இன்னொரு பக்கம் இல்லைன்னு ஆகும்.

நம்ம ஊர் பீரோக்களில் தூங்கற லென்ஸ்கள்

2008-ல கேனன் 5டி மார்க் 2 வந்து, ஸ்டில் கேமராவிலேயே ஃபுல் எச்டி வீடியோ எடுக்கலாம்னு ஆன பிறகு தமிழ்நாட்டுல குறும்பட அலை ஒண்ணு அடிச்சது. 2012-ல வந்த 'வழக்கு எண் 18/9' படத்தையே ஸ்டில் கேமராவில எடுத்தாங்க. அப்போ காலேஜ்ல இருந்த பசங்க வீட்ல அடம் பிடிச்சு வாங்கின டிஎஸ்எல்ஆரும் 50 எம்எம் லென்ஸும் இன்னிக்கும் எத்தனையோ வீட்டு பீரோவுல இருக்கு. அண்ணன் வாங்கினது, இப்போ வேலைக்குப் போற தம்பி கையில.

அந்த லென்ஸ்கள் எல்லாம் 1987-ல தொடங்கின கேனன் இஎஃப் குடும்பத்தைச் சேர்ந்தவை, இல்லைன்னா 1959-லிருந்து வர்ற நிக்கான் எஃப். இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லணும், ஏன்னா இது முதலீட்டுப் பாடம் மாதிரி. 1987-ல கேனன் தன்னோட பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப்-க்கு மாறினப்போ, எஃப்டியோட தூரம் 42 மி.மீ., புதுசு 44 மி.மீ. பாத்தீங்களா, குழாய்க்கு இடமே இல்லை! சில டெலிஃபோட்டோ லென்ஸ்களுக்கு மட்டும், உள்ளே கண்ணாடி வெச்ச ஒரு கன்வர்ட்டர் வந்தது. மத்தவங்க சேத்து வெச்ச லென்ஸ் எல்லாம் ஒரே நாள்ல தனிமரம். 2018-ல ஆர்எஃப் வந்தப்போ கதையே வேற. கேமரா அறிமுகமான அன்னிக்கே அடாப்டரும் வந்தது, அமெரிக்காவுல 100 டாலர் விலையில. நிக்கானும் அதே வருஷம் எஃப்டிஇசட்-னு 250 டாலருக்கு ஒண்ணு கொண்டு வந்தாங்க. தாராள மனசுன்னு நினைக்காதீங்க. பழைய லென்ஸ் வேலை செய்யும்னாதான் பழைய கஸ்டமர் அதே கம்பெனியோட புது பாடியை வாங்குவார். எல்லாத்தையும் விக்கறதா முடிவு பண்ணிட்டா, அவர் ஏன் சோனிக்குப் போகக்கூடாது?

அந்த டாலர் விலையை அப்படியே ரூபாயா மாத்தாதீங்க. இன்னிக்கு விலையை கடையில கேளுங்க. கீழே இருக்கற கணக்குல நான் 12,000-னு வெச்சிருக்கேன்.

இப்போ கணக்கு

இதுல வர்ற தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க நம்பரைப் போட்டுக்குங்க. ஒருத்தர்கிட்ட 24-70 எஃப் 2.8, 70-200 எஃப் 2.8, 50 எஃப் 1.8 மூணும் பழைய மவுண்ட்ல இருக்கு. வித்தா மொத்தம் 1,10,000 கிடைக்கும். அதே மூணையும் புது மவுண்ட்ல வாங்கினா 4,68,000. பாடியை விட்டுடுவோம், அது ரெண்டு வழியிலயும் வாங்கித்தான் ஆகணும்.

முதல் வழி: இப்பவே வித்து, இப்பவே வாங்கறது. கையிலிருந்து 3,58,000 வேணும். ரெண்டாவது வழி: 12,000-க்கு அடாப்டர். வித்தியாசம் 3,46,000.

இந்த 3,46,000-ஐ 15% வட்டியில ரெண்டு வருஷ பர்சனல் லோனா எடுத்தா இஎம்ஐ சுமார் 16,800. மொத்த வட்டி சுமார் 56,600. இதோட முடியலை. புது லென்ஸ் பில் போட்டு வெளியே வந்த நிமிஷமே செகண்ட் ஹேண்ட். ரெண்டு வருஷத்துல 30% இறங்குதுன்னு வெச்சா இன்னொரு 1,40,000 மதிப்பு போச்சு. ஆக முதல் வழியோட ரெண்டு வருஷச் செலவு 1,97,000 பக்கம்.

ரெண்டாவது வழியிலயும் செலவு இருக்கு, அதை மறைக்கக்கூடாது. டிஎஸ்எல்ஆர் லென்ஸோட விலை வருஷா வருஷம் இறங்கிட்டுத்தான் இருக்கு. கேனனோட பெரிய டிஎஸ்எல்ஆர் வரிசையில 2020-ல வந்த 1டி எக்ஸ் மார்க் 3-தான் கடைசி. புது டிஎஸ்எல்ஆர் வராதப்போ அந்த லென்ஸைத் தேடி வர்ற ஆளும் குறைவார். இன்னிக்கு 1,10,000 போறது ரெண்டு வருஷம் கழிச்சு 75,000-தான் போகும்னு வெச்சுக்குவோம். காத்திருந்ததுக்கு 35,000 நஷ்டம். 12,000 அடாப்டரை 6,000-க்கு வித்தா இன்னொரு 6,000. மொத்தம் 41,000.

அதாவது அடாப்டரோட நிஜமான விலை 12,000 இல்லை, ரெண்டு வருஷத்துக்கு 41,000. ஆனாலும் 1,97,000 எங்கே, 41,000 எங்கே!

இதுக்கு நடுவுல அந்த 16,800-ஐ பேங்குக்குக் கட்டறதுக்குப் பதிலா உங்களுக்கே கட்டிக்குங்க. ஆர்டியோ லிக்விட் ஃபண்டோ, எதுவானாலும் சரி. வட்டியே சேக்காம 24 மாசத்துல 4,03,200 ஆகும். அப்போ பழைய லென்ஸை 75,000-க்கு வித்தா புது செட்டுக்கு தேவைப்படறது 3,93,000. ரொக்கமா வாங்கிடலாம். விலை ஏறியிருந்தா, சேந்த வட்டி கொஞ்சம் கை கொடுக்கும். செகண்ட் ஹேண்ட்ல தேடினா இன்னும் குறையும், ஏன்னா அதுக்குள்ள புது மவுண்ட் லென்ஸும் பழைய மார்க்கெட்டுக்கு வந்திருக்கும்.

"இல்லைங்க, புது லென்ஸ் வந்தா வருமானம் கூடும்"னு ஒரு வாதம் வரும். நியாயமான வாதம்தான், ஆனா அதையும் நாளா மாத்திப் பாருங்க. செகண்ட் ஷூட்டரா போய் செலவு போக ஒரு நாளைக்கு 8,000 நிக்குதுன்னா, வட்டியோட சேத்த 4,02,600-ஐ அடைக்க 50 நாள் வேலை செய்யணும். நம்ம பக்கம் ஆடியில கல்யாணம் இல்லை, மார்கழியில இல்லை, புரட்டாசியிலயும் பெரும்பாலும் இல்லை. முகூர்த்தம் புதன், வியாழன்ல வந்தா நீங்க லீவு போடணும். லீவு தீந்தா சம்பளப் பிடித்தம். கல்யாணத்துக்கு ஆடி உண்டு, இஎம்ஐ-க்கு ஆடி கிடையாது. இன்னொண்ணு, வேலை கொடுக்கற ஸ்டூடியோக்காரர் உங்க 70-200 எந்த மவுண்டுன்னு பாத்து ரேட் ஏத்தறதில்லை. இருட்டு மண்டபத்துல படம் சுத்தமா வருதா, கண்ணுல ஃபோகஸ் நிக்குதான்னுதான் பாக்கறார். அந்த முன்னேற்றத்துல பெரும்பங்கு பாடியிலிருந்து வருது. பாடி எப்படியும் புதுசுதான்.

அடாப்டர் வேண்டவே வேண்டாம்னு சொல்ற இடங்கள்

மேலே சொன்ன கணக்கு ஒரே கம்பெனிக்குள்ள மாறறவங்களுக்கு. கேனன்ல இருந்து கேனன், நிக்கான்ல இருந்து நிக்கான். அங்கேயும் ரெண்டு பள்ளம் இருக்கு.

நிக்கான்காரங்க முதல்ல லென்ஸைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க. உலோக வளையத்துல சின்னதா ஸ்க்ரூ தலை மாதிரி ஒரு பள்ளம் இருந்தா, அது ஏஎஃப் அல்லது ஏஎஃப்-டி வகை. அந்த லென்ஸ்ல மோட்டார் கிடையாது, பழைய பாடியில இருந்த மோட்டார்தான் அதைத் திருப்பிட்டு இருந்தது. நிக்கானோட எஃப்டிஇசட், எஃப்டிஇசட் 2 ரெண்டுலயும் மோட்டார் இல்லை. மாட்டலாம், படம் எடுக்கலாம், ஆட்டோஃபோகஸ் வராது. கல்யாணத்துல அதுக்கு அர்த்தம் தெரியுமில்லையா? இணைச்சீர்ல அருமைக்காரர் உங்களுக்காக ஒரு நிமிஷம் நிறுத்துவார்னு வெச்சாலும், தாலி கட்டற நேரத்துல ரீடேக் கிடையாது. 50 எஃப் 1.8டி, 80-200 எஃப் 2.8டி வெச்சிருக்கவங்க அதை வித்துடறது நல்லது. ஏஎஃப்-எஸ்-னு எழுதியிருந்தா கவலை இல்லை, அதுல சொந்த மோட்டார் இருக்கு.

கேனன்ல இப்படி ஒரு சிக்கல் இல்லை. எல்லா இஎஃப் லென்ஸும் உள்ளே மோட்டாரோட வந்தவைதான், 1987 மாடலே ஆனாலும் ஓடும். ஆனா உங்ககிட்ட இருக்கறது டப்பாவோட வந்த 18-55, 55-250 மாதிரி இஎஃப்-எஸ் லென்ஸ்னா யோசிங்க. அது சின்ன சென்சாருக்கானது. ஃபுல் ஃப்ரேம் பாடியில மாட்டினா கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். 24 மெகாபிக்சல் கொடுத்து வாங்கின பாடி 9 சொச்சம் தரும். பெரிய ஆல்பம் ஷீட்டுக்கு இழுத்தா தெரிஞ்சுடும். அதுவுமில்லாம, செகண்ட் ஹேண்ட்ல சில ஆயிரம் பெறுமான லென்ஸுக்கு 12,000 அடாப்டரா? மாட்டை விட மூக்கணாங்கயிறு விலை அதிகமான கதை. அந்த லென்ஸை யாராவது கத்துக்கற பசங்களுக்குக் கொடுத்துடுங்க.

கம்பெனி விட்டு கம்பெனி தாவறது தனி உலகம். கேனன் இஎஃப் லென்ஸை சோனியில போட மெட்டாபோன்ஸ், வில்ட்ராக்ஸ், சிக்மாவோட எம்சி-11 எல்லாம் இருக்கு. அளவுல பிரச்சினை இல்லை, 26 மி.மீ. குழாய், அவ்வளவுதான். பிரச்சினை பேச்சுவார்த்தையில. கேனன் லென்ஸ் பேசற மொழியை இவங்க வெளியிலிருந்து ஒட்டுக்கேட்டுக் கத்துக்கிட்டு சோனிக்கு மொழிபெயர்க்கறாங்க. ஃபோட்டோவுக்கு நிறைய லென்ஸ்ல நல்லாவே ஓடும். வீடியோவில ஃபோகஸ் தேடும், முன்னும் பின்னும் ஆடும். கேமராவுக்கு புது ஃபர்ம்வேர் வந்தா நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு ஓடாமலும் போகலாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கேமராவை அப்டேட் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

தொழிலுக்குன்னா கம்பெனி தாவும்போது அடாப்டரை நம்ப வேண்டாம்னுதான் என் கருத்து. ஆனா அந்தத் தாவலுக்கு ஒரு பொருளாதார நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். சோனி இ மவுண்ட்ல டாம்ரான், சிக்மா மாதிரி வெளிக் கம்பெனி லென்ஸ்கள் நிறைய, விலையும் குறைவு. கேனன் ஆர்எஃப்-ல வெளிக் கம்பெனி ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கு ரொம்ப நாள் கதவே திறக்கலை. 2024-லதான் சிக்மாவும் டாம்ரானும் உள்ளே வந்தாங்க, அதுவும் சின்ன சென்சார் லென்ஸோட. ஆக பாடி விலையை மட்டும் பாத்து கம்பெனியை முடிவு பண்ணாதீங்க. அடுத்த அஞ்சு வருஷத்துல நீங்க வாங்கப்போற லென்ஸோட விலைப்பட்டியலையும் சேத்துப் பாருங்க. பிரிண்டர் வாங்கறப்போ இங்க் விலை பாக்கற மாதிரி.

பொழுதுபோக்குக்கு எடுக்கறவங்களுக்கு இந்த விதி எதுவும் கிடையாது. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 மாதிரி எம்42 திருகு மவுண்ட் லென்ஸுக்கு சாதாரண உலோக அடாப்டர் போதும், அதுல மின்சாரத் தொடர்பே தேவையில்லை. அப்பர்ச்சரும் ஃபோகஸும் கையாலதான். மாட்டினதும் ஷட்டர் அழுத்தினா ஒண்ணும் நடக்கலைன்னு பயந்துடாதீங்க. லென்ஸே மாட்டலைன்னு கேமரா நினைச்சுக்குது. மெனுவில லென்ஸ் இல்லாம ஷட்டர் விடற ஆப்ஷனை ஆன் பண்ணணும். ஃபோகஸ் பீக்கிங்கையும் ஆன் பண்ணிட்டு சிறுவாணி ரோட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை சுத்திட்டு வாங்க. சந்தோஷமான செலவு, லோனும் தேவையில்லை. அதே விலை அடாப்டரை இஎஃப் லென்ஸுக்கு வாங்கிடாதீங்க. இஎஃப்-ல அப்பர்ச்சர் வளையம் கிடையாது, காண்டாக்ட் இல்லாத அடாப்டர்ல அதை மாத்தவே முடியாது.

வரிப் பக்கம்

சம்பளம் மட்டும் இருந்து, கேமரா வெறும் பொழுதுபோக்குன்னா, வாங்கினதுக்கு ஒரு ரூபாய் கூட கழிக்க முடியாது. 18% ஜிஎஸ்டியும் உங்க செலவுதான். 1,80,000 பாடியில 27,458 வரி மட்டுமே. பழைய லென்ஸை வித்த காசுக்கு வரி இல்லை, அது உங்க சொந்த உபயோகப் பொருள். நஷ்டத்தையும் எங்கேயும் காட்ட முடியாது.

வார இறுதி ஷூட்டுக்குக் காசு வாங்கறவங்க கதை வேற. அது தொழில் வருமானம். ஐடிஆர்-1 போடக்கூடாது. நிறைய பேர் இதை விட்டுடறாங்க. ஸ்டூடியோ டிடிஎஸ் பிடிச்சிருந்தா ஏஐஎஸ்-ல அது உக்காந்திருக்கும். ரெண்டு வழி இருக்கு. கணக்குப் புத்தகம் எழுதி ஐடிஆர்-3 போட்டா, கேமரா, லென்ஸ், அடாப்டர் எல்லாத்துக்கும் வருஷம் 15% தேய்மானம் கழிக்கலாம். அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சிருந்தா பாதிதான். ஒரு லட்சத்துக்கு வாங்கினது ரெண்டு வருஷம் கழிச்சு புத்தகத்துல 72,250-ல நிக்கும். பழைய லென்ஸை வித்தா, வித்த தொகையை அந்த பிளாக்ல கழிச்சுடணும். இல்லைன்னா உத்தேச வருமான முறையில, வரவுல டிஜிட்டலா வந்ததுக்கு 6%, ரொக்கத்துக்கு 8% லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போட்டு முடிக்கலாம். ஆனா இதுல தேய்மானம், லோன் வட்டின்னு தனியா எதையும் கழிக்க முடியாது, எல்லாம் அந்த விகிதத்துக்குள்ளேயே அடங்கிடுச்சு. அதனால "லோன் எடுத்து வாங்கினா டாக்ஸ் சேவ் ஆகும்"னு யாராவது சொன்னா, நீங்க எந்த முறையில ஃபைல் பண்றீங்கன்னு முதல்ல பாருங்க. சின்ன வருமானக்காரங்க பெரும்பாலும் ரெண்டாவது முறைதான். அங்கே அந்த சேமிப்பு பூஜ்யம்.

ஒரு அவசரக் குறிப்பு: வெளி வேலை செய்யலாமான்னு உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல ஒரு பாரா இருக்கும். அதைப் படிச்சுட்டு செய்யுங்க.

"நோ காஸ்ட் இஎம்ஐ"ல பாடி வாங்கறவங்களுக்கும் ஒண்ணு. பேங்க் வட்டி போடத்தான் செய்யுது, அந்தத் தொகையை டிஸ்கவுண்ட்டா கழிச்சுக் காட்டறாங்க. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான். பெரிய தொகை இல்லை, ஆனா அது நோ காஸ்ட் இல்லை.

கடைக்குப் போகும்போது

உங்க பழைய லென்ஸ் எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. வாங்கப்போற பாடியில, வாங்கப்போற அடாப்டரோட, ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. அதுக்கு முன்னாடி வீட்டிலேயே மொபைல் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னாடி வெச்சு உள்ளே பாத்துடுங்க. நூலாம்படை மாதிரி வெள்ளையா படர்ந்திருந்தா அது ஃபங்கஸ். அந்த லென்ஸுக்காக அடாப்டர் வாங்கறதுல அர்த்தமே இல்லை. மாட்டினதும் பாடியைப் பிடிச்சுட்டு லென்ஸை லேசாத் திருகுங்க, லொடலொடன்னு ஆடக்கூடாது. கடை வாசல்ல நின்னு தூரத்துல இருக்கற போர்டை ஃபோகஸ் பண்ணிப் பாருங்க. கடைக்குள்ள இருட்டு மூலையில நிக்கற ஒருத்தர் கண்ணுலயும் பண்ணுங்க. வீடியோ எடுக்கறவங்க ஒரு நிமிஷம் ஓட விட்டு, ஃபோகஸ் தேடுதான்னு பாருங்க. 70-200 மாதிரி கனமான லென்ஸைப் பாடியைப் பிடிச்சுத் தூக்காதீங்க, எடை முழுக்க அந்த வளையத்து மேல இறங்கும். ட்ரைபாட்லயும் லென்ஸோட காலரைத்தான் மாட்டணும். பில் உங்க பேர்ல, சீரியல் நம்பரோட வாங்குங்க.

இந்தக் கணக்கு போட்ட எக்செல் ஷீட்டோட லிங்க் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டத்துல உங்க லென்ஸுக்குக் கடைக்காரர் சொன்ன விலை, புது லென்ஸ் விலை, வட்டி, வருஷத்துக்கு எத்தனை நாள் ஷூட், இந்த நாலையும் மாத்துங்க. கீழே ரெண்டு வழியோட ரெண்டு வருஷச் செலவும் தானா வந்துடும்.